குளிப்பதற்கு முன்னால் ஒரு காபி

பஸ்ஸில் இடம் காலியாக இருக்கும்போது ஒருத்தி நின்றுகொண்டே போனால் கண்டக்டருக்குத் தாங்காது. ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டிலும் அந்தச் சில வாரங்கள் நின்றேதான் போனேன்.

"சீட் கெடக்குல்லம்மா, உக்காருங்க."

"பரவால்லைங்க, நின்னுக்கறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்துப் பெண்மணி, ஒன்பது கஜம் இல்லாவிட்டாலும் நெற்றியில் ஸ்ரீசூர்ணம், பையில் டிபன் டப்பா. நான் நின்றதற்குக் காரணம் மூலம். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறி இறங்கும் ஒவ்வொரு குலுங்கலும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். நின்றால் கொஞ்சம் தேவலை. இதைக் கண்டக்டரிடம் எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாத வியாதிகள் என்று ஒரு வகை இருக்கிறது. தலைவலியை ஊருக்கே சொல்லலாம். சர்க்கரை வந்தால் கல்யாண வீட்டில் பாயசம் வேண்டாம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. அதே சமயம் திருச்சியில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் இதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. பஸ் நிலையத் தூண், மேம்பாலத்தின் அடி, கட்டணக் கழிப்பறையின் வாசல் எல்லாவற்றிலும் மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லை, வலி இல்லை. இவ்வளவு விளம்பரம் இருந்தால் இவ்வளவு பேருக்கு இருக்க வேண்டும். ஆனால் எனக்கு இருக்கிறது என்று சொன்ன ஒரு ஆளை நான் ஐம்பது வயது தாண்டும்வரை சந்தித்ததில்லை. இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்று பஸ்ஸில் நின்றபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போவேன். உட்கார்ந்திருப்பவர்களில் யார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனிப்பேன். இரண்டு மூன்று பேர் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

முதல் நாள் இரத்தத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த எண்ணம் வேடிக்கையானது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெள்ளைப் பீங்கானில் அவ்வளவு சிவப்பாகப் பார்த்ததும், பயத்துக்கு முன்னால், 'ஐயோ, இனி மூன்று நாள் வெளியே உட்கார வேண்டுமா?' என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் இது அந்த வழி இல்லை என்று புரிந்தது. புரிந்ததும் இன்னொரு கேள்வி. இந்த இரத்தத்துக்குத் தீட்டு உண்டா, இல்லையா? யாரைக் கேட்பது? எங்கள் தெருவில் எந்தச் சந்தேகத்துக்கும் பதில் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதைக் கேட்டால் பதிலைவிடக் கேட்டவள் யார் என்பதுதான் தெரு முழுவதும் போகும்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். தினமும் வேலைக்குப் போவதற்கு முன் வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனம் செய்வார். அதற்கான தளிகை, அதாவது சமையல், மடியாகச் செய்ய வேண்டும். குளித்துவிட்டு, தனியாக உலர்த்தி வைத்த புடவையைக் கட்டிக்கொண்டு, யாரையும் எதையும் தொடாமல் சமைத்து முடித்து, பெருமாள் கண்டருளின, அதாவது நைவேத்தியம் ஆன, பிறகுதான் மற்றதெல்லாம். நடுவில் கழிப்பறைக்குப் போனால் மடி போயிற்று. மறுபடியும் தலையோடு குளித்து, வேறு மடிப்புடவை கட்டி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளில் மாமியார் கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து நான்தான்.

கணவரிடம் சொன்னேன். அவர் "நாராயணா" என்றார். எழுந்து போய் ஃபேனை ஒரு எண் கூட்டி வைத்தார். உடம்பைப் பற்றி எதைச் சொன்னாலும் அவர் ஃபேனைத்தான் சரிசெய்வார்.

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட சொல்லிண்டிருக்காதே. இந்த வயசுல அவளுக்கு எதுக்குக் கவலை" என்றார்.

எனக்கும் சொல்லும் உத்தேசம் இல்லை. ஆனால் டாக்டரிடமும் உடனே போகவில்லை. முதலில் அலுவலகத்தில் எதிர் மேஜைப் பெண்ணிடம் சொன்னேன். உப்பிலியபுரத்தில் விவசாயக் குடும்பம், இப்போது எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறாள். நான் நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதை இரண்டு நாள் கவனித்துவிட்டு, அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, சூடா, மூலமா?"

அவ்வளவு சாதாரணமாக. எனக்கு அழுகை வராத குறை.

"துத்தி இலை கொண்டாரேன். வெளக்கெண்ணெயில வதக்கிக் கட்டுங்க. எங்க பெரியப்பா அதுலதான் எந்திரிச்சு நடந்தாரு. சின்ன வெங்காயத்த நெய்யில வதக்கித் தின்னுங்க. முள்ளங்கி சேத்துக்கங்க."

வெங்காயமும் முள்ளங்கியும் எங்கள் வீட்டு வாசற்படி தாண்டாது. இதைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு. "அப்ப கருணைக்கெழங்கு?" என்றாள். அது உண்டு. அன்று முதல் எங்கள் வீட்டில் கருணைக்கிழங்கு மசியல், கருணைக்கிழங்கு புளிக்குழம்பு, கருணைக்கிழங்கு வறுவல். கணவர் மூன்றாம் நாள் இலையைப் பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டார். அவருக்குக் காரணம் தெரியும். மாமியார்தான், "மார்க்கெட்ல வேற காயே இல்லையா?" என்று கேட்டார்.

கிழங்கு வேலை செய்ததா என்று கேட்டால், செய்தது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இரண்டு நாள் இரத்தம் நின்றது. மூன்றாம் நாள் மறுபடி வந்தது. அதோடு வெளியே ஒரு வீக்கம் கிளம்பி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் செய்தது. அன்றைக்குத்தான் பயம் சரியாகப் பிடித்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு தில்லைநகரில் ஒரு பெண் அறுவை மருத்துவரிடம் போனேன்.

டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். என்னை இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மார்புக்கு இழுத்துப் படுக்கச் சொன்னார். "மூச்ச மெதுவா விடுங்க, அவ்வளவுதான்" என்றார். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரமே முடிந்துவிட்டது. இதற்காகவா இத்தனை நாள் நடுங்கினோம் என்று இருந்தது. ஆனால் உங்கள் வயதுக்கு இது போதாது, உள்ளே குழாய் விட்டும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார்.

"ரத்தம்னாலே எல்லாரும் மூலம்னு முடிவு பண்ணிடறாங்க. முக்கால்வாசி அதுவாத்தான் இருக்கும். ஆனா பாக்காம முடிவு பண்ணக் கூடாதுங்க."

அதற்கு வேறு நாள் போனேன். உள்ளே சுத்தமாக இருக்கிறது, வெறும் மூலம்தான் என்று வந்தது. வெறும் மூலம்தான் என்ற வார்த்தையைக் கேட்டு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெளியில் வந்து ஒரு இளநீர் வாங்கி நின்றபடியே குடித்தேன்.

அப்புறம்தான் என் வழக்கமான குணம் திரும்பி வந்தது. எனக்கு எதையும் ஏன், எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். சின்ன வயதில் முழங்கால் புண்ணின் பொருக்கைத் தூக்கித் தூக்கி அடியில் என்ன நடக்கிறது என்று பார்த்து, ஆற விடாமல் அடித்தவள். மறுபடி உள்ளே போய் டாக்டரிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

மூலம் என்று நாம் சொல்லும் அந்தச் சதை எல்லாருக்கும் பிறவியிலேயே இருக்கிறதாம். இரத்தக் குழாய்களால் ஆன சின்னச் சின்ன மெத்தைகள். வாசலை நன்றாக மூடி வைக்க அவை உதவுகின்றன. மலம் இறுகி, முக்கி முக்கிப் போகும்போது அவை உப்பிக் கீழே இறங்குகின்றன, உரசினால் இரத்தம் வருகிறது. எனக்கு வெளியே வந்த வீக்கம் இரத்தம் கட்டிக்கொண்டது. அதை உடம்பே மெதுவாகக் கரைத்துக்கொள்ளும். ஐம்பது வருடத்துக்கு மேல் தினமும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே மெத்தை போட்டிருக்கும் விஷயம் எனக்குத் தெரியவில்லை.

"துத்தி இலை?" என்றேன்.

"வேண்டாங்க. புண்ணா இருக்குற இடம். வெதுவெதுன்னு தண்ணியில ஒரு கால்மணி நேரம் உக்காருங்க, அதுவே போதும். உப்பு, டெட்டால் ஒண்ணும் போட வேண்டாம்."

"கருணைக்கிழங்கு?"

"தாராளமா சாப்பிடுங்க. கீரை, பழம், அவரை, வாழைத்தண்டு எல்லாம் சாப்பிடுங்க. தண்ணி நிறையக் குடிங்க. இசப்கோல் உமி எழுதித் தரேன். டாய்லெட்ல போன் கொண்டு போகாதீங்க. அது சரி, உங்களுக்கு எப்ப போகணும்னு தோணும்?"

"காலைல காபி குடிச்ச உடனே."

"அப்பவே போயிடுறீங்கல்ல?"

"இல்லை. முடியாது."

"ஏங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தபோதுதான் என் காலை நேரம் எப்படி முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது என்று எனக்கே தெரிந்தது. காபி குடித்தால்தான் வயிறு அசையும். குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது, அடுப்படிக்குள் போகாமல் காபி கிடையாது. ஆகவே முதலில் குளியல், பிறகு காபி. குளித்ததும் மடி வந்துவிடுகிறது. காபி குடித்ததும் வயிறு கூப்பிடுகிறது. போனால் மடி போய்விடும். ஆகவே அடக்கிக்கொள்வேன். தளிகை முடிந்து, பெருமாள் கண்டருளி, டப்பா கட்டுவதற்குள் வயிறு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடும். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அலுவலகக் கழிப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். இரவில்தான் போவேன், முக்கி முக்கி. நடுவில் போகும்படி ஆகிவிடக் கூடாது என்று காலையில் தண்ணீரும் குடிப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த ஆசாரமெல்லாம் புதிது. ஆனால் சிரிக்கவில்லை.

"சரிங்க. ஒண்ணு காபி இடம் மாறணும், இல்ல குளியல் இடம் மாறணும். அதை மாத்திரை மாத்தாது. ஆறு வாரம் பாப்போம். அடங்கலன்னா ரப்பர் பேண்ட் போட்டுடலாம். அதுக்கும் கேக்கலன்னா ஆபரேஷன்."

ரப்பர் பேண்ட் என்பது நிஜமாகவே ரப்பர் பேண்ட்தானாம். அடியில் இறுக்கிப் போட்டால் இரத்தம் போகாமல் சுருங்கி விழுந்துவிடுமாம். எனக்கு அதைக் கேட்க ஆவலாக இருந்தது, போட்டுக்கொள்ள ஆவலாக இல்லை. ஆபரேஷன் என்றால் அதைவிடப் பயம். வலிக்குப் பயம், அதற்குமேல் படுக்கையில் கிடப்பதற்குப் பயம். நான் படுத்தால் பெருமாளுக்கு யார் தளிகை பண்ணுவது? எண்பது வயதில் மாமியாரா? விசாரிக்க வருகிறவர்களிடம் என்ன ஆபரேஷன் என்று சொல்வது? இந்த ஆறு வாரத்துக்குள் இது ஆறியே ஆக வேண்டும் என்று மனதில் உறுதி செய்துகொண்டேன்.

வரும் வழியில் சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின் வாங்கினேன். நீல நிறம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வேலை, ஒரு இடம். தீர்த்தப் பாத்திரம் சாதத்துக்கு வராது, பத்துப் பாத்திரம் பாலுக்கு வராது. இந்த நீல பேசினுக்கு வீட்டில் எந்த வரிசையிலும் இடம் இல்லை. மாமியார் பார்த்ததும் கேட்டார்.

"எதுக்குடி இது?"

"காலை ஊற வெச்சுக்க, அம்மா. பஸ்ல நின்னு நின்னு வலிக்கறது."

பாதி உண்மை. அவர் பேசினைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிசா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது கண்ணாடி. டாக்டர் பார்த்ததை நான் பார்க்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என் உடம்பு, என் புண். வீட்டில் கையடக்கமாக இருந்த ஒரே கண்ணாடி கணவரின் திருமண் பெட்டிக்குள் இருந்தது. அதில் முகம் பார்த்துத்தான் அவர் தினமும் நாமம் இட்டுக்கொள்வார். நினைத்த மாத்திரத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மறுநாள் ஃபேன்ஸி ஸ்டோரில் வேறு கண்ணாடி வாங்கினேன், பின்னால் மயில் படம் போட்டது.

மாலையில் அலுவலகத்திலிருந்து வந்ததும் கீஸர் தண்ணீரை விளாவி பேசினில் ஊற்றிக் கதவைத் தாழிட்டு உட்காருவேன். முதல் நிமிஷம் சுருக்கென்று இருக்கும். அப்புறம் அந்த இடம் முழுக்கத் தளர்ந்து கொடுக்கும். எத்தனை இறுக்கமாக இருந்திருக்கிறோம் என்பது தளர்ந்த பிறகுதான் தெரிகிறது. கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நாலு நாளில் அந்தத் தண்ணீருக்காகவே வீட்டுக்கு வேகமாக வர ஆரம்பித்தேன்.

கண்ணாடியில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பன்னீர் திராட்சை போலக் கருநீலமாக, பளபளவென்று இருந்தது. ஒரு வாரத்தில் பளபளப்புப் போய்த் தோல் சுருங்க ஆரம்பித்தது. பிறகு காய்ந்த திராட்சை. அந்த மாதம் முழுவதும் பெருமாளுக்குப் பண்ணும் பாயசத்தில், அதாவது திருக்கண்ணமுதில், நான் திராட்சை போடவில்லை. வலி போன இடத்தில் அரிப்பு வந்தது. அரிப்பு என்றால் ஆறுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அரிக்கும்போதெல்லாம் அலுவலகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். கடைசியில் ஒரு சின்னத் தொங்கல் தோல் மட்டும் மிச்சம். அது அப்படியே இருக்கும், ஒன்றும் செய்யாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

வெளியில் இருந்தது ஆறிவிட்டது. உள்ளே இருந்தது ஆறவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரத்தம் வந்தபடிதான் இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். காபி இடம் மாறவில்லை, குளியலும் இடம் மாறவில்லை. எழுந்ததும் வெந்நீர் குடித்துப் பார்த்தேன். என் வயிறு அதைக் காபி என்று நம்பவில்லை. சித்திரை வீதி முனைக் கடையில் போய் விடியற்காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அங்கே நிற்பவர்களில் பாதிப் பேர் என் மாமியாரைத் தெரிந்தவர்கள். மாமியாரிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடக் கூடிய விஷயம். ஆனால் அந்த அடுப்படியின் வரிசை அவருடையது. அதை மாற்று என்று சொல்லக் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தை வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரப்பர் பேண்ட் கண் முன்னால் வந்து வந்து போயிற்று.

அப்போது ஒரு துவாதசி வந்தது. முதல் நாள் ஏகாதசி உபவாசம் என்பதால் மறுநாள் துவாதசியில் காலையிலேயே பாரணை, அதாவது உபவாசத்தை முடித்துச் சாப்பிட வேண்டும். அதற்கென்று அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். அதை யார் ஏற்பாடு செய்தார்களோ, நார்ச்சத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடி கீரையைக் கிளறிக்கொண்டிருந்தேன். அன்று எனக்குக் காபிகூட இல்லை. ஆனால் இசப்கோலும், உபவாசத்தில் குடித்த தண்ணீரும், வாரக்கணக்கில் தின்ற காயும் ஒன்றாகச் சேர்ந்து வேலையைக் காட்டின. வயிறு கூப்பிட்டது. எப்போதும் போல இல்லை, அதட்டிக் கூப்பிட்டது. பழக்கத்தில் பல்லைக் கடித்து அடக்கினேன். அடக்கின அந்த நொடியில் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கேஸை அணைத்தேன்.

மாமியார் குளித்துவிட்டு மடியாக அடுப்படி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து நெல்லிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கீரையைப் பாத்துக்கோங்கோ. நான் கொல்லைக்குப் போகணும்."

"இப்பயா? தளிகை ஆகலையே."

"அடக்கி அடக்கித்தான் எனக்கு ரத்தம் போறதும்மா. வாரக் கணக்காப் போறது. டாக்டர் அடக்கக் கூடாதுன்னுட்டா."

சொல்லிவிட்டேன். நெல்லிக்காயின் மேல் கத்தி அப்படியே நின்றது. அவர் முகத்தைப் பார்க்க நான் அங்கே நிற்கவில்லை.

திரும்பி வந்து, தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு வேறு மடிப்புடவையில் அடுப்படிக்கு வந்தபோது கீரை இறக்கியிருந்தது. நெல்லிக்காய்ப் பச்சடி ஆகியிருந்தது. கணவர் உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தார். பாரணை நேரத்துக்கே ஆயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை, மாமியார் என்ன சொல்லப் போகிறாரோ என்று.

கணவர் வங்கிக்குக் கிளம்பிப் போனதும் மாமியார் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். அன்று எனக்கு லீவு. திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்டார்.

"ரத்தம் சொட்டறதா, இல்ல ஒட்டிண்டு வரதா?"

"சொட்டும்."

"வலி போறச்சேயா, போயிட்டு வந்தப்புறமா?"

"அப்புறம்தான். முன்னாடி ரொம்ப இருந்துது. இப்ப குறைஞ்சிருக்கு."

"வெளில வருமா? தானே உள்ள போயிடுமா, தள்ளி விடணுமா?"

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். டாக்டர் இதே கேள்விகளைத்தான் கேட்டார், ஏறக்குறைய இதே வரிசையில். அவருக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்தது. இவருக்கு?

"தானே போயிடும்" என்றேன் மெதுவாக.

"அந்தப் பேசின் அதுக்குத்தானா?"

"ஆமாம்மா."

"இதமா இருக்கா?"

"ரொம்ப இதமா இருக்கும்மா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முந்தானை நுனியை விரலில் சுற்றிப் பிரித்தார். பிறகு தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னார்.

"நாளைலேந்து காபி வெளி ரூம்லயே போட்டுடலாம். அந்த எலக்ட்ரிக் கெட்டில் சும்மாத்தானே கெடக்கு. பல்லத் தேச்சுட்டு முதல்ல காபியக் குடி. போகணும்னா போ. அப்புறம் தீர்த்தமாடிட்டு உள்ள வா."

"ஆசாரம்மா?"

"அடுப்படிக்குள்ளதானே வரக் கூடாது? நீ வரலையே. மத்தத நான் பெருமாள்கிட்ட சொல்லிக்கறேன்."

அவ்வளவுதான். முப்பது வருட முடிச்சு ஒரு கெட்டிலில் அவிழ்ந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஆத்திரமாகவும் இருந்தது. மறுநாள் விடிந்தும் விடியாமலும் வெளி அறையில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தோம். அவரும் குளிக்கவில்லை. எனக்குத் துணையாகக் குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரத்தில் இரத்தம் குறைந்தது. அதற்கடுத்த வாரம் நின்றேவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து போனேன். கண்டக்டருக்கு நிம்மதி.

ஆறு வாரம் முடிந்து டாக்டரிடம் போகும் நாள் வந்தது. நான் கிளம்பும்போது மாமியார் நல்ல புடவை கட்டி வாசலில் நின்றார்.

"என்னையும் அழைச்சிண்டு போ."

கணவர் அன்று ஆட்டோ வேண்டாம் என்று காரை எடுத்தார். அம்மாவுக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை. வயதானவள், பிரஷர் பார்த்துக்கொள்ள வருகிறாள் என்று நினைத்திருப்பார். மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் நடந்து போய் வரிசையில் ஒரு நாற்காலியைத் துடைத்து அம்மாவை உட்கார வைத்தார்.

என்னைப் பார்த்துவிட்டு, நன்றாக அடங்கிவிட்டது, ரப்பர் பேண்ட் வேண்டாம், காபியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். நான் எழுந்து, கூடவே உள்ளே வந்திருந்த மாமியாரை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். டாக்டர் அவரிடம் திரும்பினார்.

"சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன?"

"இவளுக்கு என்னவோ, அதுதான் எனக்கும்."

அவர் தோளில் கை வைத்தேன். அவர் அதைத் தட்டிவிடவில்லை.

"எத்தனை நாளா இருக்கும்மா?" என்று கேட்டார் டாக்டர், சீட்டில் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தபடி.

மாமியார் நாள் கணக்குச் சொல்ல முயற்சி செய்யவில்லை. பாதி திறந்திருந்த கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"வெளில உக்காந்துண்டிருக்கான் பாருங்கோ, அவன் பொறந்ததுலேந்து."

டாக்டர் எட்டிப் பார்த்தார். அங்கே, வழுக்கைத் தலைக்கு மேல் ஓடாமல் நின்றிருந்த ஃபேனின் சுவிட்சைத் தேடியபடி என் கணவர் நின்றிருந்தார். அடுத்த வருடம் அவருக்கு ரிடையர்மெண்ட்.